லேசர் அடித்தால் சிகரெட் விடுமா?

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்)

பேரவை மலருக்கு "ஏதாவது டெக்னிக்கலா எழுது, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார்கள். லேசரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். லேசரின் பயன்களை எண்ணினால் பக்கம் போதாது. ஆகவே ஒரே ஒரு பயனை, அதாவது பயன் என்று சொல்லப்படும் ஒன்றை, எடுத்துக்கொண்டேன். "லேசர் சிகிச்சை மூலம் புகைப்பழக்கத்தை நிறுத்துகிறோம். வலி இல்லை, மருந்து இல்லை, ஊசி இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது.

இந்தத் தலைப்புக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இது நம் பாடம். டையோடு, அலைநீளம், மில்லிவாட் எல்லாம் நாம் தினமும் உச்சரிக்கும் சொற்கள். நமக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? இரண்டு, இது நம் பிரச்சினை. பர்ஸ்ட் இயரில் டீ மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் தேர்டு இயரில் டீயோடு இன்னொன்றும் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை. பயப்படாமல் மேலே படியுங்கள் நண்பர்களே!

லேசர் என்பது என்ன?

லைட் ஆம்ப்ளிபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆப் ரேடியேஷன். வைவாவில் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோம். தூண்டப்பட்ட உமிழ்வு மூலம் ஒளியைப் பெருக்குவது என்பது பொருள். இதற்கான கருத்தை ஐன்ஸ்டீன் 1917-லேயே சொல்லிவிட்டார். ஆனால் அதைக் கருவியாகச் செய்து காட்ட 43 ஆண்டுகள் ஆயின. 1960 மே 16 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு ரூபி கம்பியிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார்.

சாதாரண பல்பின் ஒளி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கூட்டம் மாதிரி. ஆளுக்கு ஒரு திசை, ஆளுக்கு ஒரு வேகம். லேசர் ஒளி என்.சி.சி. அணிவகுப்பு மாதிரி. ஒரே அலைநீளம், ஒரே கட்டம், ஒரே திசை. வித்தியாசம் அவ்வளவுதான். இந்த ஒழுங்கை வைத்துத்தான் இரும்புத் தகட்டை வெட்டுகிறார்கள், கண் ஆபரேஷன் செய்கிறார்கள், கண்ணாடி இழைக்குள் டெலிபோன் பேச்சை அனுப்புகிறார்கள்.

வேலைக்கு ஏற்றபடி பவர் மாறும். தகடு வெட்டும் லேசர் ஆயிரக்கணக்கான வாட். நம் கையில் இருக்கும் லேசர் பாயிண்டர் 5 மில்லிவாட்டுக்குள். இரண்டும் லேசர்தான். ஆகவே "லேசர் சிகிச்சை" என்று யாராவது சொன்னால், நம் முதல் கேள்வி "எத்தனை மில்லிவாட்? எந்த அலைநீளம்?" என்று இருக்க வேண்டும்.

குளிர்ந்த லேசர்

சிகரெட்டை விட வைப்பதாகச் சொல்லும் கருவி "லோ லெவல் லேசர்" வகை. பேச்சு வழக்கில் "கோல்டு லேசர்" என்பார்கள். பவர் பெரும்பாலும் 5 முதல் 500 மில்லிவாட். தோலைச் சுடாது, வெட்டாது. பழைய கருவிகளில் 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் குழாய். பின்னால் வந்தவற்றில் சிவப்பு அல்லது அகச்சிவப்பு டையோடு. சி.டி. பிளேயருக்குள் இருந்த 780 நானோமீட்டர் டையோடுக்கு அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வகைச் சிகிச்சையின் தொடக்கம் சுவாரசியமானது. 1960களில் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகள் மீது ரூபி லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். லேசர் புதுசு. அது உடம்புக்கு என்ன செய்யும், புற்றுநோயை உண்டாக்குமா, அழிக்குமா என்று யாருக்கும் தெரியாத காலம். அவர் கருவியின் பவர் குறைவு. எதிர்பார்த்த பெரிய விளைவு எதுவும் வரவில்லை. ஆனால் முதுகில் முடி மழித்த எலிகளில், ஒளி பட்டவற்றுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. ஒளி படாத எலிகளுக்கு அவ்வளவு சீக்கிரம் முளைக்கவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஒளி படாத எலிகளையும் அவர் பக்கத்தில் வைத்திருந்தார். அவை இல்லாவிட்டால் "முடி முளைத்தது" என்று மட்டும்தான் சொல்லியிருக்க முடியும். மழித்த முடி தானாகவும் முளைக்குமே! "சீக்கிரம் முளைத்தது" என்று சொல்ல வைத்தவை அந்த இருட்டில் இருந்த எலிகள்தான். இந்த எலிகளை மறந்துவிடாதீர்கள். மறுபடியும் தேவைப்படும்.

காதுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

புகை நிறுத்தும் லேசரை நெஞ்சிலோ நுரையீரலுக்கு நேராகவோ அடிப்பதில்லை. காது மடல், மூக்கு, மணிக்கட்டு, கை ஆகிய இடங்களில் குறிப்பிட்ட புள்ளிகளில் சில வினாடிகள் காட்டுவார்கள். ஊசி குத்தும் அக்குபங்சரில் ஊசிக்குப் பதில் ஒளி. அவ்வளவுதான்.

ஏன் காது? 1950களில் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே, காது மடல் என்பது தலைகீழாகக் கிடக்கும் கருக்குழந்தையின் வடிவம் என்றும், உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் காதில் ஒரு புள்ளி உண்டு என்றும் ஒரு படம் வரைந்தார். பிறகு 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் வென் என்ற நரம்பு அறுவை மருத்துவர், வலி மரப்புக்காகக் காதில் ஊசி குத்தி மின்சாரம் செலுத்தியபோது, அபின் பழக்கம் உள்ள நோயாளிகள் "அபின் ஆசை குறைந்தது" என்று சொன்னதைக் குறித்து வைத்தார். அங்கிருந்து இது அமெரிக்கா போனது. நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் காதில் ஐந்து புள்ளிகள் என்று முறைப்படுத்தினார்கள். அபினுக்குச் சொன்னதை மதுவுக்குச் சொன்னார்கள், பிறகு சிகரெட்டுக்கும் சொன்னார்கள். ஊசிக்குப் பயப்படுபவர்களுக்காக லேசர் வந்தது.

விளக்கமும் தயாராக இருக்கிறது. "லேசர் பட்டதும் எண்டார்பின் சுரக்கும். எண்டார்பின் சுரந்தால் நிக்கோடின் ஆசை போய்விடும்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணி இருக்கிறது பாருங்கள். ஒளி தோலில் படுகிறது. தோல் நரம்பைத் தூண்டுகிறது. நரம்பு மூளைக்குச் சொல்கிறது. மூளை எண்டார்பின் சுரக்கிறது. எண்டார்பின் சிகரெட் ஆசையை அடக்குகிறது. சர்க்கியூட்டில் ஐந்து ஸ்டேஜ். ஐந்தும் வேலை செய்தால்தான் ஸ்பீக்கரில் சத்தம் வரும். ஒவ்வொரு ஸ்டேஜின் விளக்கமும் அழகாக இருப்பதால் மட்டும் அவுட்புட் வந்துவிடாது.

நிக்கோடின் செய்யும் வேலை

எதிரியைப் புரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகக்கூடாது. ஒரு இழுப்பு இழுத்தால் 10 முதல் 20 வினாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற இயற்கைச் செய்தியாளுக்காக உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டோபமைன் சுரக்கிறது. "ஆஹா" என்று இருக்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பிறகு அவை காலியாக இருந்தால் எரிச்சல், கவனமின்மை, தூக்கமின்மை, பசி. ரத்தத்தில் நிக்கோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அதனால்தான் இரண்டு பீரியடு முடிந்ததும் சிலருக்குக் கால் தானாக கேட் பக்கம் போகிறது.

"டென்ஷனைக் குறைக்கத்தான் மச்சான் அடிக்கிறேன்" என்பார்கள். அந்த டென்ஷனில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் வைத்துவிட்டுப் போன கடன். அடுத்த சிகரெட் வட்டியை மட்டும் கட்டுகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்? தொல்லை சில மணி நேரத்தில் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாள் உச்சம். பிறகு குறைந்துகொண்டே வந்து, 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும் இப்படித்தான் அடங்கும். மழித்த முடி தானாக முளைப்பது போல! ஆனால் பழக்கம் வேறு. டீ, நண்பன், பரீட்சை, மழை, இவை ஒவ்வொன்றும் மாசக்கணக்கில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் மருத்துவ ஆராய்ச்சியில் "விட்டுவிட்டார்" என்று சொல்ல ஆறு மாசமாவது பார்க்கிறார்கள். அதுவும் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை. மூச்சில் கார்பன் மோனாக்சைடு எத்தனை பி.பி.எம். என்று சிறிய மீட்டரில் ஊதச் சொல்லிப் பார்க்கிறார்கள், அல்லது எச்சிலில் கோட்டினின் என்ற பொருளைச் சோதிக்கிறார்கள்.

ஜீரோ எரர்

இப்போது நம் லேபுக்கு வருவோம். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? அளக்க வேண்டிய பொருளை வைப்பதற்கு முன்பே இரண்டு தாடைகளையும் மூடி, ரீடிங் பார்க்கிறோம். ஒன்றுமே இல்லாதபோது கருவி என்ன காட்டுகிறது? அது ஜீரோ எரர். பள்ளிக்கூடத்தில் சுழிப்பிழை என்று படித்தோமே, அதுதான். அதைக் கழித்த பிறகு வருவதுதான் உண்மையான அளவு. கழிக்காமல் ரெக்கார்டில் எழுதினால் சார் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

லேசர் சிகிச்சைக்கும் ஜீரோ எரர் உண்டு. லேசரே வராத கருவியைக் காதில் வைத்தால் எத்தனை பேர் சிகரெட்டை விடுகிறார்கள்? "அது எப்படி விடுவாங்க?" என்று கேட்கலாம். விடுவார்கள். ஏனென்றால் அங்கே வருகிறவர் ஏற்கெனவே விடுவதாக முடிவு செய்துவிட்டவர். காசு கட்டியிருக்கிறார். வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒருவர் அரை மணி நேரம் அக்கறையாக உட்கார்ந்து பேசுகிறார். போதாததற்கு, தொல்லையும் நாளாக ஆகத் தானே குறைகிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு ரீடிங் காட்டும். அந்த ரீடிங்கைக் கழிக்காமல் "எங்களிடம் வந்தவர்களில் இத்தனை சதவீதம் பேர் விட்டார்கள்" என்று சொன்னால், அது திருத்தாத ரீடிங்.

சிங்கப்பூர்க் கணக்கு

இந்தக் கழித்தலை ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அதுவும் நம் வயசுப் பையன்களை வைத்து. சிங்கப்பூரில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவுகள் 2000-ஆம் ஆண்டு வெளிவந்தன. புகைக்கும் வளரிளம் பருவத்தினர் 330 பேர். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு உண்மையான லேசர் அக்குபங்சர். மற்றதற்கு அதே மாதிரி நடத்தப்பட்ட போலிச் சிகிச்சை. தனக்குக் கிடைத்தது எது என்று பையனுக்கும் தெரியாது.

சிகிச்சை முடிந்தபோது முழுக்க விட்டிருந்தவர்கள்:

உண்மை லேசர் - 21.9 சதவீதம்.
போலி லேசர் - 21.4 சதவீதம்.

மூன்று மாசம் கழித்து:

உண்மை லேசர் - 24.8 சதவீதம்.
போலி லேசர் - 26.2 சதவீதம்.

கழித்துப் பாருங்கள். முதல் கணக்கில் மிச்சம் 0.5. இரண்டாவதில் போலியே 1.4 கூடுதல். இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவே வரும். அதாவது ஜீரோ எரரைக் கழித்த பிறகு லேசருக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் இதே கணக்கை இன்னொரு கோணத்தில் பாருங்கள். போலி லேசர் பிரிவிலும் ஐந்தில் ஒருவர் விட்டிருக்கிறார்! ஆகவே ஒருவர் ஒளியே வராத கருவியை வைத்துக்கொண்டு கடை திறந்தாலும், "நான் விட்டேன்" என்று மனப்பூர்வமாகச் சாட்சி சொல்ல ஆட்கள் கிடைப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே விட்டவர்கள். காரணம்தான் வேறு.

"ஒரே ஒரு பரிசோதனையை வைத்துத் தீர்ப்பா?" நியாயமான கேள்வி. உலகம் முழுவதும் நடந்த பரிசோதனைகளைத் தேடித் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் என்ற அமைப்பு, அக்குபங்சர் வகைகளைப் பற்றிய 38 ஆய்வுகளை 2014-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் லேசர் பற்றியவை இரண்டு. அந்த இரண்டின் முடிவுகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அக்குபங்சரோ லேசரோ ஆறு மாசத்துக்கு மேல் நிலைக்கும் பலன் தரும் என்பதற்கு நம்பகமான, ஒரே சீரான சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவின் எப்.டி.ஏ. இந்த வகை லேசர் கருவிகளைத் தற்காலிக வலி நிவாரணம் போன்ற வேலைகளுக்கு அனுமதித்திருக்கிறது. புகை நிறுத்துவதற்கு என்று அல்ல.

கருவி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. 2020-இல் அதே எப்.டி.ஏ., காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் ஒரு கருவியைப் புகை நிறுத்த உதவியாக அனுமதித்தது. அங்கேயும் 262 பேரை வைத்து, உண்மைக் கருவி, போலிக் கருவி என்று பிரித்துத்தான் பார்த்தார்கள். 18-ஆம் வாரத்தில் உண்மைப் பிரிவில் 19.4 சதவீதம், போலிப் பிரிவில் 8.7 சதவீதம். கழித்தால் 10.7 மிஞ்சுகிறது. ஜீரோ எரரைக் கழித்தும் ரீடிங் நிற்கிறது என்றால் இப்படித்தான் நிற்கும்.

"பலன் இல்லாட்டி போகுது, கெடுதல் இல்லையே?"

இந்தக் கேள்விக்கு என் சித்தப்பா கதையைச் சொல்ல வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கிறார். 25 வருஷப் பழக்கம், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். விளம்பரம் பார்த்து ஒரு இடத்தில் மூன்று சிட்டிங் லேசர் எடுத்துக்கொண்டார். கட்டணம் பட்டறையில் ஒரு ஆளின் மாசச் சம்பளத்தில் பாதி. நிறைய தண்ணீர் குடியுங்கள், கேரட் மெல்லுங்கள் என்றார்களாம். 17 நாள் தொடவில்லை. வீடே திருவிழா மாதிரி இருந்தது. பதினெட்டாம் நாள் ராத்திரி, அவசர ஆர்டர், கரண்ட் போய்விட்டது, வாசலில் எல்லாரும் நின்றுகொண்டு இருந்தார்கள். யாரோ நீட்டினார். அவ்வளவுதான்.

போன் செய்து கேட்டதற்கு, "லேசர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, உங்களுக்கு மன உறுதி பத்தல. பூஸ்டர் சிட்டிங் போட்டுக்குங்க" என்றார்களாம். சித்தப்பா போகவில்லை. ஆனால் அந்த வார்த்தை மனசில் தங்கிவிட்டது. "மிஷின் வெச்சே என்னால முடியலடா, இனிமே எப்படி முடியும்?" என்று இரண்டு வருஷம் முயற்சியே செய்யவில்லை.

கெடுதல் இங்கேதான் இருக்கிறது நண்பர்களே. அந்த 17 நாளைத் தாங்கியது சித்தப்பா. உச்சமான முதல் மூன்று நாளை வாயைக் கட்டிக்கொண்டு கடந்தது அவர். ஆனால் பெயர் லேசருக்குப் போனது. பதினெட்டாம் நாள் பழி மட்டும் அவருக்கு வந்தது. காசு போனால் சம்பாதிக்கலாம். "என்னால் முடியும்" என்பது போனால் அதை எந்தக் கடையில் வாங்குவது? புகைப்பவர்களில் பலர் பல தடவை முயன்றுதான் கடைசியில் விடுகிறார்கள். அடுத்த முயற்சியைத் தள்ளிப்போட வைக்கும் எதுவும் கெடுதல்தான்.

இன்னொரு எச்சரிக்கை நம் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கு. பார்ட்ஸ் கடையில் டையோடு வாங்கி நாமே செய்து பார்க்கலாமே என்று யாருக்காவது கை அரிக்கும். வேண்டாம். காதுப் பக்கம் பிடிக்கும் கை ஒரு கணம் விலகினால் கண்ணில் படும். அகச்சிவப்பு என்றால் ஒளி கண்ணுக்கே தெரியாது. இமை மூடித் தப்பிக்கவும் வழி இல்லை. சில நூறு மில்லிவாட் விழித்திரைக்குப் போதும்.

அப்படியானால் எதுதான் உதவும்?

யார் உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில், நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாசம், ஒரு வருஷம் தாண்டி நிற்கிறார்கள். சோர்ந்துவிடாதீர்கள். இது ஒரு தடவை முயற்சிக்கான கணக்கு. இந்த எண்ணைக் கூட்டும் வழிகள் ஜீரோ எரர் கழித்துச் சோதிக்கப்பட்டவை.

முதலாவது, நிக்கோடின் சூயிங்கம், பட்டை போன்றவை. புகை இல்லாமல் நிக்கோடினை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் குறைப்பது. வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகிறது. சூயிங்கம் 2 மற்றும் 4 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. சும்மா மெல்லக்கூடாது. காரம் தெரியும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த கையோடு போட்டால் வாயில் அமிலத்தன்மை கூடி நிக்கோடின் சரியாக உறிஞ்சப்படாது. கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். "போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்பவர்களில் பலர் டீயோடு போட்டவர்கள்தான்.

இரண்டாவது, டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகள். வேரெனிக்ளின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவற்றை, நிக்கோடின் மாற்றுகளோடு சேர்த்து, உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்திருக்கிறது. இவற்றை நாமே வாங்கிப் போடக்கூடாது.

மூன்றாவது, பேச்சு. ஆமாம், வெறும் பேச்சு! பயிற்சி பெற்றவரின் ஆலோசனை வாய்ப்பைக் கூட்டும். மருந்தோடு சேர்ந்தால் இன்னும் கூட்டும். மத்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. இது 2016 முதல் இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலை நிறுத்த ஆலோசனை மையம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இப்படி மையங்கள் உண்டு. என் சித்தப்பா கடைசியில் போனது ஒரு அரசு மருத்துவமனைக்குத்தான். சூயிங்கமும் மாசம் ஒரு ஆலோசனையும். இதை எழுதும்போது எட்டு மாசம் ஆகிறது. ஒருத்தர் கதை நிரூபணம் ஆகாது என்று நானே மேலே எழுதிவிட்டேன். ஆகவே இதைச் சந்தோஷச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நாமே செய்யக்கூடியது. ஆசை வரும் ஒவ்வொரு தடவையும் அது சில நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும். தள்ளிப்போடு, மூச்சை ஆழ இழு, தண்ணீர் குடி, வேறு வேலை பார். ஒப்பிக்க எளிது, செய்யக் கஷ்டம். ஆனால் பக்கத்தில் ஒரு நண்பன் இருந்தால் கஷ்டம் பாதி. "வாடா ஒரு தம்" என்று கூப்பிடுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "வாடா ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிட ஒருத்தர் போதும்.

லேசர் உண்மையில் நிற்கும் இடம்

கடைசியாக ஒரு விஷயம். இந்தக் குளிர்ந்த லேசருக்கு மருத்துவத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். தண்ணீர் விழுங்கக்கூட முடியாது. அந்தப் புண் வராமல் தடுக்க இதே சிவப்பு ஒளியை வாய்க்குள் காட்டுகிறார்கள். போலி ஒளியோடு ஒப்பிட்டுச் சோதித்து, பலன் இருப்பதாகக் கண்டு, சர்வதேச வழிகாட்டிகள் பரிந்துரைத்திருக்கும் பயன் இது. புடாபெஸ்ட் எலிகள் காட்டிய வழி வீண் போகவில்லை.

அந்தப் புற்றுநோய்க்குப் பெரிய காரணங்களில் ஒன்று புகையிலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வார்டுக்குப் போய் லேசரைச் சந்திப்பதைவிட, கேட் வாசல் கடையிலேயே திரும்பி வந்துவிடுவது நல்லது. நிறுத்திய 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயம், புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிறது. நம் வயசில் நிறுத்துகிறவருக்குக் கிடைக்கும் லாபம் நாற்பது வயசில் நிறுத்துகிறவருக்குக் கிடைக்காது.

டிப்ளமா முடித்து நாம் வெளியே போனதும், லேசர் மாதிரி இன்னும் எத்தனையோ கருவிகளை நம் கையில் கொடுப்பார்கள். சிலவற்றை விற்கச் சொல்வார்கள், சிலவற்றை ரிப்பேர் செய்யச் சொல்வார்கள். வீட்டில் அம்மாவும் அப்பாவும், "நீதான் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன், இது வாங்கலாமா?" என்று கேட்பார்கள். அப்போது பளபளப்பையும் சாட்சிக் கடிதங்களையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை ஆப் பண்ணி வெச்சா என்ன ரீடிங் வரும்?"

நிறுத்த நினைக்கும் நண்பர்களுக்கு என் வாழ்த்துகள். நம் ஹாஸ்டலில் யாருக்காவது அந்த இலவச எண்ணுக்குப் போன் செய்யக் கூச்சமாக இருந்தால், என் ரூமுக்கு வரலாம். சேர்ந்தே செய்வோம்.